எடை குறைந்த கோலே ஏற்ற கோலா?

எடை குறையக் குறையக் கருவி சிறக்கும் என்பது இக்காலத்தில் பலருடைய நம்பிக்கை. மிதிவண்டியானாலும் விமானமானாலும், எத்தனை கிராம் குறைத்தோம் என்பதையே செய்தவர் பெருமையாகச் சொல்கிறார். வாங்குவோரும் அதையே கேட்கின்றனர். இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை? ஒரு சிறு கருவியை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து பார்க்கலாம் என்று எண்ணுகிறேன். அக்கருவி, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் டிரவுட், சால்மன் ஆகிய மீன்களைப் பிடிக்கப் பயன்படும் 'ஃபிளை' தூண்டிலின் கோல். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டபோது, இத்தூண்டிலும் உடன் வந்தது. ஆதலால் நமக்கும் இது முற்றிலும் புதியதன்று.

நம் குளத்தங்கரையில் தூண்டில் போடுவோர் முள்ளில் மண்புழுவைக் கோத்து, தக்கையும் ஈயக்குண்டும் கட்டி எறிவர். அங்கே எறியப்படும் பொருளுக்கு எடை உண்டு. அது செல்லும்போது தங்கூசியையும் இழுத்துச் செல்கிறது. ஃபிளை தூண்டிலின் முறை இதற்கு நேர்மாறானது. சிறு முள்ளின்மேல் இறகும் மயிரும் நூலும் சுற்றி, நீரில் வந்தமரும் பூச்சியைப் போல ஓர் உருவம் செய்கிறார்கள். அதற்கு எடை இல்லை என்றே சொல்லிவிடலாம். ஓர் இறகை ஐம்பதடி தூரம் எறிய யாரால் முடியும்? எனவே, எறிவதற்கு வேண்டிய எடையைக் கயிற்றிலேயே அமைத்தார்கள். கோலைப் பின்னே வீசினால் தடித்த கயிறு காற்றில் முதுகுப்புறமாக நீள்கிறது. அது நீண்டு முடிந்த கணத்தில் கோலை முன்னே வீசினால், கயிறு தன் எடையால் கோலை வில்லாக வளைக்கிறது. வளைந்த கோல் நிமிரும்போது கயிறு சுருளவிழ்ந்து முன்னோக்கி ஓடி, நுனியிலுள்ள பூச்சியை நீரின்மேல் மெல்ல வைக்கிறது. ஆகவே இக்கோல் ஒரே சமயத்தில் நெம்புகோலாகவும் வில்லாகவும் தொழில் புரிகிறது.

இக்கோலின் வரலாறே எடை குறைந்துவந்த வரலாறுதான். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் சால்மன் பிடித்தோர், தென்னமெரிக்காவின் கயானாப் பகுதியிலிருந்து வந்த கிரீன்ஹார்ட் என்னும் வைரம் பாய்ந்த மரத்தில் பதினாறு, பதினெட்டு அடி நீளக் கோல்களைச் செய்து, இரு கைகளாலும் பிடித்து வீசினர். பின்னர் மூங்கிலைப் பிளந்து, முக்கோணப் பட்டைகளாகச் சீவி, ஆறு பட்டைகளை அறுகோண வடிவில் ஒட்டும் முறை அமெரிக்காவில் சிறந்து வளர்ந்தது. இதற்கு மிகச் சிறந்ததாகக் கருதப்பட்ட மூங்கில் தென் சீனத்திலிருந்து வந்தது. 1950இல் சீனாவுடன் வாணிகம் செய்வதை அமெரிக்கா தடுத்துவிடவே, அம்மூங்கிலின் வரத்து நின்றது. கண்ணாடி இழைக் கோல்கள் பெருகின. 1960களில் இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ நகரத்து விமான ஆராய்ச்சி நிலையத்தில் வலிமை மிக்க கார்பன் இழை உருவாயிற்று. விமானத்துக்கென்று பிறந்த அப்பொருள் 1970களில் தூண்டில் கோலாகவும் விற்பனைக்கு வந்தது. மூங்கிலில் 150 கிராம் அளவில் இருந்த ஒன்பதடிக் கோல், இன்று கார்பனில் 80 கிராம் அளவுக்குக் குறைந்திருக்கிறது.

நாள் முழுவதும் நூற்றுக்கணக்கான முறை வீச வேண்டிய கைக்கு இது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும், தராசு காட்டும் எடையும் கை உணரும் எடையும் ஒன்றா? ஓர் உலக்கையை நடுவில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். பின்னர் ஒரு முனையைப் பிடித்து வீசிப் பாருங்கள். உலக்கையின் எடை மாறவில்லை. கையின் பாடு மாறிவிடுகிறது. இதனையே பௌதிக நூலார் நிலைமத் திருப்புத்திறன் என்பர். சுழலும் பொருளின் ஒவ்வொரு துகளும், தன் எடையோடு, சுழலும் இடத்திலிருந்து தனக்குள்ள தூரத்தின் இருமடிக்கும் ஏற்பத் தடை தருகிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: மணிக்கட்டிலிருந்து 270 சென்டிமீட்டர் தள்ளி, கோலின் நுனியில் இருக்கும் ஒரு கிராம், 27 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் 100 கிராமுக்குச் சமமான தடையைத் தருகிறது.

இதனால் விளங்குவது யாது? கைப்பிடியை அடுத்துச் சில கிராம் கூடுவதால் வீச்சுக்குத் தீங்கில்லை. நுனியில் ஒரு கிராம் கூடினாலும் தீங்கு உண்டு. நுனி கனத்த கோல், நிமிர்ந்த பின்னும் அதிர்ந்துகொண்டிருக்கும். அவ்வதிர்வு கயிற்றில் அலையாக ஓடி, பூச்சி விழும் இடத்தைப் பிறழச் செய்யும். ஆகவே, மொத்த எடை சற்று மிகுந்தும் நுனி மெலிந்தும் உள்ள கோல், மொத்தத்தில் எடை குறைந்து நுனி தடித்த கோலைக் காட்டிலும் கைக்கு இலேசாகத் தோன்றும். கடைக்காரர் தராசில் வைத்துக் காட்டும் எண் இதனைச் சொல்லாது.

'இலேசான கோல்' என்னும் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. கயிறுகளுக்கு அவற்றின் முதல் 30 அடியின் எடையைக் கொண்டு எண் இடும் வழக்கம் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஏற்பட்டது. ஐந்தாம் எண் கயிற்றில் அப்பகுதி ஏறத்தாழ 9 கிராம்; எட்டாம் எண்ணில் ஏறத்தாழ 13.6 கிராம், பன்னிரண்டாம் எண்ணில் ஏறத்தாழ 24.6 கிராம். எந்த எண் கயிற்றை வீசுவதற்காகச் செய்யப்பட்டதோ, அதுவே கோலின் எண்ணும் ஆகும். மூன்றாம் எண் கோலை இலேசான கோல் என்கிறோம்; எட்டாம் எண் கோலைக் கனத்த கோல் என்கிறோம். எட்டாம் எண் கோலும் கார்பனால் செய்யப்பட்டால் தராசில் எடை குறைந்தே நிற்கும். ஆயினும் செயலில் அது கனத்த கோலே. இவ்விரு பொருளையும் ஒன்றாக மயங்குவதாலேயே இவ்விவாதத்தில் பெரும்பாலான குழப்பம் நேர்கிறது.

சிற்றோடையில், இருபதடிக்குள், கூச்சம் மிகுந்த சிறு டிரவுட்டின் முன்னே கொசுவளவு பூச்சியை ஓசையின்றி வைக்க வேண்டுமானால், மூன்றாம் எண் கோலே ஏற்றது. கடற்கரையில் எதிர்க்காற்றில், விரல் நீளப் போலிப் பூச்சியை எழுபதடி வீச வேண்டுமானால் அக்கோல் பயன்படாது. மெல்லிய கயிற்றைக் காற்று திருப்பிக் கொணர்ந்து எறிந்தவர் மேலேயே போட்டுவிடும். அங்கே எட்டாம் எண்ணுக்குக் குறைந்தது உதவாது.

இதுவரை மனிதனுடைய வசதியைப் பற்றியே பேசினேன். மீனின் பக்கமும் ஒன்று உண்டு. பிடித்த மீனை நீரிலேயே விட்டுவிடும் வழக்கம் இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. விட்ட மீன் பிழைக்க வேண்டாமா? மீனின் ஆற்றலுக்கு மிகவும் மெலிந்த கோலால் அதனை விரைவில் அடக்க இயலாது, போராட்டம் நீள்கிறது. நீண்ட போராட்டத்தில் மீனின் தசைகளில் லாக்டிக் அமிலம் மிகுகிறது. கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர் 1992இல் வெளியிட்ட சோதனை கருதத்தக்கது. களைத்து ஓயும்வரை துரத்தப்பட்ட டிரவுட் மீன்களில், நீரைவிட்டு எடுக்கப்படாதவற்றில் 88 விழுக்காடு 12 மணி நேரத்துக்குப் பின்னும் உயிரோடிருந்தன. களைத்தபின் 30 வினாடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 62 விழுக்காடும், 60 வினாடி வைக்கப்பட்டவற்றில் 28 விழுக்காடுமே பிழைத்தன. நீர் வெதுவெதுப்பாக இருந்தால் ஆபத்து இன்னும் மிகும். ஏனெனில், வெப்பம் ஏறினால் நீரில் கரைந்துள்ள பிராணவாயு குறையும். 'மெல்லிய கோலில் பெரிய மீனைப் பிடித்தேன்' என்று ஒருவர் மகிழ்வதற்கு, ஆற்றில் விடப்பட்ட அம்மீன் விலை கொடுக்க நேரிடலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். லீ வுல்ஃப் என்னும் புகழ்பெற்ற அமெரிக்கத் தூண்டிற்காரர், ஏறத்தாழ 50 கிராம் எடையும் ஆறடி நீளமும் உள்ள மூங்கிற் கோலால் பெரிய சால்மன்களைப் பிடித்தவர். ஒருமுறை கோலே இல்லாமல், கயிற்றைக் கையால் வீசியும், ரீலைக் கையில் பிடித்துக்கொண்டும் ஒரு சால்மனைப் பிடித்துக் காட்டினார். பிடித்த மீனை விட்டுவிட வேண்டும் என்று 1939ஆம் ஆண்டிலேயே தம் நூலில் வற்புறுத்தியவரும் அவரே. அவருக்கு இயன்றது நமக்கு ஏன் இயலாது என்று கேட்கலாம். நுனியில் மீன் இழுக்கும்போது, நீண்ட கோல் மீனுக்கே நெம்புகோலாக உதவுகிறது. குட்டையான கோலில் அவ்வுதவி குறைவு. எப்போது கயிற்றை விடுவது, எப்போது கோலைச் சாய்த்து அதன் அடிப்பகுதியின் வலிமையைக் காட்டுவது என்பதையும் அவர் நன்கு அறிந்திருந்தார். அந்தப் பயிற்சியில்லாமல் அவருடைய கோலை மட்டும் கைக்கொள்வோருக்கு அவருடைய பயன் கிட்டாது.

மாணவ நண்பர்களே! இலேசான கோல் சிறந்ததா என்னும் கேள்விக்கு என் விடை இதுதான்: ஒரே கயிற்றுக்கு, ஒரே வலிமையில், நுனி மெலிந்து எடை குறைந்த கோல் கிடைக்குமானால், அதுவே சிறந்தது. வலிமையைக் குறைத்தோ, நீருக்கும் காற்றுக்கும் மீனுக்கும் பொருந்தாத கயிற்றைக் கொண்டோ பெறும் இலேசு சிறப்பாகாது. எந்தக் கருவியை ஒருவர் 'எடை குறைந்தது' என்று புகழ்ந்தாலும், எடை எந்த இடத்தில் குறைந்தது, அதற்கு ஈடாக எது குறைந்தது, அக்குறையை யார் தாங்குகிறார் என்ற மூன்றையும் கேட்டுப் பாருங்கள். தராசு விடை சொல்லாத கேள்விகள் இவை.