தங்கவயலிலிருந்து வணிகச் சட்டத் துறைக்கு: பயிற்சி நாடும் மாணவர்களுக்குச் சில ஆலோசனைகள்

(கோலார் தங்கவயலில் சட்ட மாணவர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

கோலார் தங்கவயலில் பல தொழிலாளர் குடும்பங்களின் வீடுகளில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதில் நகைகள் இருப்பதில்லை. தந்தையின் அல்லது பாட்டனாரின் பணிப் பதிவுகள், வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, பணி முடிவின்போது வழங்கப்பட்ட தொகை பற்றிய கடிதம், குடியிருப்பு வீடு பற்றிய தாள்கள் ஆகியவை மடித்து வைக்கப்பட்டிருக்கும். அந்தத் தாள்களின் முழுப் பொருளை அறிந்து கையொப்பமிட்டவர்கள் மிகச் சிலரே. இன்று அந்த வீடுகளிலிருந்து சட்டம் பயிலும் இளைஞர்களும் இளம் பெண்களும் உருவாகியுள்ளனர். அவர்களுள் சிலர் பெங்களூரிலுள்ள வணிகச் சட்ட நிறுவனங்களில் பயிற்சி பெற விரும்புகின்றனர். அவ்விருப்பம் நிறைவேறுவதற்கான வழிமுறைகளை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

வணிகச் சட்டமும் தங்கவயலும்

வணிகச் சட்டம் என்பது தங்கவயல் மக்களுக்கு அந்நியமானதன்று. 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கில நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியை மேற்கொண்டது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை மத்திய அரசின் பொறுப்பிற்கு வந்தன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்னும் பொதுத்துறை நிறுவனம் உருவாயிற்று. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியுடன் சுரங்கங்கள் மூடப்பட்டன. 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கி உழைத்த மக்களின் வாழ்வு, இந்த ஒவ்வொரு கட்டத்திலும் குத்தகை, உரிமை மாற்றம், நிறுவன அமைப்பு, நலிவு அறிவிப்பு, மூடல் அனுமதி ஆகிய ஆவணங்களால் முடிவு செய்யப்பட்டது.

அந்த ஆவணங்களை வரைந்தவர்கள் வேறு ஊர்களில் இருந்தனர். விரல் ரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் தங்கவயல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததை வரலாறு கூறுகிறது. ரேகை வைக்கும் நிலையிலிருந்து ஆவணத்தை வரையும் நிலைக்கு உயர்வதே இங்குள்ள சட்ட மாணவர் முன் உள்ள வாய்ப்பாகும். இதற்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் திறமைக் குறைவன்று, தகவல் குறைவேயாகும். நகரத்து மாணவருக்கு உறவினர் மூலமும் நண்பர் மூலமும் இயல்பாகக் கிடைக்கும் செய்தி, இங்குள்ள மாணவருக்கு இரண்டாண்டுகள் கழித்தே கிடைக்கிறது. அதற்குள் விண்ணப்பிக்கும் காலம் கடந்துவிடுகிறது.

பயிற்சியின் தன்மை

இங்கிலாந்தில் வழக்கறிஞராக விரும்புவோர் இரண்டாண்டுக் காலம் பயிற்சி ஒப்பந்தத்தின் கீழ்ப் பணியாற்றும் முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. இந்தியாவில் நிலைமை வேறு. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தில் முதலில் இடம்பெற்றிருந்த கட்டாயப் பயிற்சி, 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. 1995இல் இந்திய வழக்கறிஞர் மன்றம் அதனை மீண்டும் கொணர முயன்றபோது, 1999இல் உச்ச நீதிமன்றம் அவ்விதிகள் செல்லாவெனத் தீர்ப்பளித்தது. எனவே பட்டம் பெற்றபின் கட்டாயப் பயிற்சி இடம் என்று எதுவும் இல்லை. படிக்கும் காலத்தில் பெறும் குறுகிய காலப் பயிற்சியே உண்மையான நுழைவாயிலாக விளங்குகிறது. நிறுவனங்கள் பல, தம்மிடம் பயிற்சிக்கு வந்த மாணவர்களின் வேலையை நேரில் கண்டு, அவர்களுள் சிலரையே பின்னர் இளநிலை வழக்கறிஞராக எடுத்துக்கொள்கின்றன.

2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்பிற்கு 12 வாரங்களும் ஐந்தாண்டுப் படிப்பிற்கு 20 வாரங்களும் பயிற்சி பெறுதல் வேண்டும். எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக 4 வாரங்களுக்கு மேற்படுதல் கூடாது. விசாரணை நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் வழக்காடும் வழக்கறிஞர்களிடம் ஒரு முறையேனும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். மூன்றாண்டு மாணவருக்கு ஆண்டுக்கு நான்கு வாரம் என்ற கணக்கு சரியாகப் பொருந்துவதைக் கவனிக்க வேண்டும். ஓராண்டை வீணாக்கினால் அதனை ஈடுசெய்தல் எளிதன்று.

திட்டமிடுதல்

முதலாண்டுப் பயிற்சியைத் தங்கவயலிலோ கோலாரிலோ உள்ள நீதிமன்ற வழக்கறிஞரிடம் பெறுவதே பொருத்தமாகும். மனு, எதிருரை, சாட்சியம், தீர்ப்பு நிறைவேற்றம் ஆகியவற்றை நேரில் கண்ட மாணவருக்கே, ஓர் ஒப்பந்தத்தின் வாசகம் பிற்காலத்தில் எங்கு முறியும் என்பது விளங்கும். இரண்டாம் ஆண்டில், பெங்களூரிலுள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம், கடன் மீட்புத் தீர்ப்பாயம் ஆகியவற்றில் வழக்காடும் வழக்கறிஞரை அணுகலாம். இறுதியாண்டில் வணிகச் சட்ட நிறுவனத்திற்குச் செல்லும்போது, முன்னிரு ஆண்டுகளின் அனுபவம் விண்ணப்பத்திற்கு வலுவூட்டும்.

விளம்பரம் செய்து தொழில் தேடுவதை வழக்கறிஞர் நடத்தை விதிகள் தடை செய்கின்றன. ஆகவே சட்ட நிறுவனங்களின் பெயர்கள் பொதுமக்களிடையே அதிகம் அறிமுகமாவதில்லை. 1911இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட கைதான் அண்டு கோ போன்ற பழைய நிறுவனங்கள் உள்ளன. 1991ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பின் பெருகியவையும் உள்ளன. பத்துப் பேர் மட்டும் பணிபுரியும் சிறு நிறுவனங்களும் பெங்களூரில் உண்டு. பெயர் பெற்ற நான்கைந்து நிறுவனங்களுக்கு மட்டும் எழுதிவிட்டுக் காத்திருப்பது தவறு. மாணவர் பெரியவை, நடுத்தரமானவை, சிறியவை எனப் பிரித்து ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். ஒவ்வொன்றும் எத்துறையில் பணியாற்றுகிறது, விண்ணப்பத்தை எம்முறையில் ஏற்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, பல மாதங்களுக்கு முன்பே எழுதுதல் நலம்.

விண்ணப்பக் கடிதம்

தன்விவரக் குறிப்பு ஒரு பக்கத்திற்குள் அடங்குதல் வேண்டும். மதிப்பெண்களை உள்ளவாறே குறிக்க வேண்டும். குறைந்த மதிப்பெண்ணை மறைப்பவரைவிட, அடுத்த பருவத்தில் அதனை உயர்த்திக் காட்டியவரே நம்பிக்கைக்குரியவர். நிறுவனத்தின் பெயரையும் பெறுநர் பெயரையும் பிழையின்றி எழுதுவது சிறு செயலாகத் தோன்றலாம். ஆனால் ஒப்பந்தங்களில் ஓர் எண்ணோ பெயரோ தவறினால் பெரும் நட்டம் விளையக்கூடிய தொழில் இது. கடிதத்திலேயே பிழை செய்பவரிடம் ஒப்பந்தத்தை எவரும் ஒப்படைக்கமாட்டார்.

கடிதத்தின் உள்ளடக்கமே முக்கியமானது. "ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவன், வாய்ப்பளித்து உதவ வேண்டுகிறேன்" என எழுதும் மாணவர் இரக்கத்தைக் கோருகிறார். இரக்கம் ஒரு நாள் நீடிக்கும். பயிற்சி நான்கு வாரங்கள் நீடிக்கும். இதற்கு மாறாக, தம் ஊரின் சுரங்கம் மூடப்பட்ட வரலாற்றைச் சட்ட நோக்கில் ஆராய்ந்த மாணவரை எண்ணிப் பார்க்கலாம். 1985ஆம் ஆண்டு நலிவுற்ற தொழில் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் அந்நிறுவனம் எவ்வாறு பரிசீலிக்கப்பட்டது? ஒரு தொழிலை மூடுவதற்கு அன்று நடைமுறையிலிருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் என்ன அனுமதியை வேண்டிற்று? 2013இல் உலகளாவிய ஒப்பந்தப்புள்ளிக்கு உச்ச நீதிமன்றம் வழிவிட்டபோது தொழிலாளர் நிலை யாது? 2016ஆம் ஆண்டு நொடிப்பு மற்றும் திவால் தொகுப்புச் சட்டத்தில், கலைப்புச் செலவுகளுக்கு அடுத்தபடியாக, தொழிலாளரின் 24 மாத நிலுவை பிணையுள்ள கடன் கொடுத்தோருடன் சம வரிசையில் வைக்கப்பட்டிருப்பதன் விளைவு என்ன? இவற்றைப் பற்றி நான்கு பக்கக் குறிப்பு எழுதி, அதனைக் கடிதத்தில் இரு வரிகளில் சுட்டும் மாணவர், அதே வறுமையைக் கூறாமலேயே தம் தகுதியை நிலைநாட்டிவிடுகிறார்.

நிறுவனம் ஒன்றைக் கலைக்கும் மனுவில் தொழிலாளர்களும் தம் கருத்தைக் கூற உரிமை பெற்றவர்கள் என, தேசிய நெசவுத் தொழிலாளர் சங்கத்திற்கும் பி. ஆர். ராமகிருஷ்ணனுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. இத்தகைய தீர்ப்பை முழுமையாகப் படித்த மாணவருக்கு, நேர்முகத்தில் பேசுவதற்குப் பொருள் குறையாது.

மொழி ஒரு மூலதனம்

தங்கவயல் மாணவர் பலர், வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் கடைவீதியில் தெலுங்கும் பயின்றவர்கள். ஆங்கில உச்சரிப்பை நினைத்துத் தாழ்வு கொள்ளும் அவர்கள், இம்மொழியறிவைக் குறிப்பில் கடைசி வரியில்கூடச் சேர்ப்பதில்லை. ஆனால் தொழிற்சாலைக்கு நிலம் வாங்கும் நிறுவனத்திற்கு உரிமை மூலத்தை ஆராய்ந்து அறிக்கை தருவது வணிகச் சட்ட நிறுவனங்களின் அன்றாடப் பணிகளுள் ஒன்று. கர்நாடகத்தின் பஹணியும் கட்டாவும் கன்னடத்தில் உள்ளன. எல்லைக்கு அப்பால் ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பகுதிகளின் பட்டாவும் வில்லங்கச் சான்றும் தமிழில் உள்ளன. இரண்டையும் மூலத்திலேயே படித்து, ஆங்கிலத்தில் தெளிவாகச் சுருக்கி எழுதவல்லவர் எந்த அலுவலகத்திற்கும் பயன்படுவார். ஆகையால் இத்திறன் குறிப்பின் முற்பகுதியில் இடம்பெற வேண்டும். ஆங்கிலத்தில் பிழையின்றிச் சுருக்கி எழுதும் பயிற்சியை நாள்தோறும் ஒரு தீர்ப்பைக் கொண்டு வளர்த்துக்கொள்ளலாம்.

நேர்முகமும் பணிக்காலமும்

நேர்முகத்தில் தெரியாத வினாவிற்குத் தெரியாது எனக் கூறி, எச்சட்டத்தில் அதனைத் தேடலாம் என்பதைச் சொல்வது முறை. ஊகித்து உரைப்பது கேடு விளைவிக்கும். பயிற்சியில் சேர்ந்தபின், பணியை ஒப்படைப்பவரிடம் என்ன வடிவில், எந்நேரத்திற்குள் வேண்டும் எனக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கட்சிக்காரரின் செய்திகளை மாரிக்குப்பம் ரயிலில் நண்பரிடம்கூடப் பேசலாகாது. விடைபெறும்போது சான்றிதழுடன், தாம் செய்த பணிகளின் பட்டியலையும் இரகசியம் வெளிப்படாத அளவில் எழுதி வைத்துக்கொள்ளுதல் நன்று.

செலவைப் பற்றி மௌனமாக இருப்பது பொருந்தாது. பயிற்சி மாணவருக்கு ஊக்கத்தொகை தரும் நிறுவனங்களும், தராதவையும் உள்ளன. இதனை முன்கூட்டியே பணிவுடன் கேட்பதில் இழுக்கில்லை. பயிற்சி இடம் பெற்றுத் தருவதாகக் கூறிப் பணம் கேட்பவர்களை அறவே தவிர்க்க வேண்டும். பட்டம் பெற்றபின் சன்னது பதிவிற்குப் பெருந்தொகை தேவை என்ற அச்சமும் இனி வேண்டியதில்லை. பதிவுக் கட்டணம் பொதுப்பிரிவினருக்கு 750 ரூபாய்க்கும், பட்டியல் வகுப்பினர் மற்றும் பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கும் மேற்படக் கூடாதென உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்துள்ளது. இளநிலை வழக்கறிஞருக்கு நகர்ப்புறத்தில் மாதம் 20,000 ரூபாயும் கிராமப்புறத்தில் 15,000 ரூபாயும் வழங்குமாறு இந்திய வழக்கறிஞர் மன்றம் 2024 அக்டோபரில் பரிந்துரைத்தது. இது பரிந்துரையேயன்றிக் கட்டளையன்று. பட்டியல் வகுப்புச் சட்டப் பட்டதாரிகளுக்குக் கர்நாடக அரசின் சமூக நலத்துறை பயிற்சிக்கால உதவித்தொகை வழங்கும் திட்டமும் உள்ளது. அதற்குரிய காலத்தில் விண்ணப்பிக்கத் தவறலாகாது.

இடம் கிடைக்காதபோது

எழுதிய கடிதங்களுள் பெரும்பாலானவற்றிற்குப் பதில் வராது. இது விண்ணப்பித்தவரின் தகுதி பற்றிய தீர்ப்பன்று. மாணவர் எண்ணிக்கை மிகுதி, இடங்கள் குறைவு என்பதே காரணமாகும். மூன்று வாரங்களுக்குப் பின் ஒருமுறை பணிவுடன் நினைவூட்டலாம். பின்னர் பட்டியலின் அடுத்த பெயருக்குச் செல்ல வேண்டும். வேறு வழிகளையும் எண்ணிப் பார்க்கலாம். நிறுவனங்களின் சட்டப் பிரிவில் முழுநேர ஊதியப் பணியேற்பவர் அக்காலத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்த இயலாது. நீதித்துறையின் தொடக்கநிலைப் பதவிக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டுமென 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் மீண்டும் விதித்துள்ளது. எப்பாதையைத் தேர்ந்தாலும் அதன் விளைவை முன்னரே அறிந்து தேர்வது அறிவுடைமையாகும்.

விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில் ஆயிரக்கணக்கான உழைப்பாளரைப் பெங்களூருக்கு ஏற்றிச் செல்கிறது. அவர்களிடையே சட்டப் புத்தகத்துடன் அமர்ந்திருக்கும் மாணவர் ஒருவர், நாளை ஒரு தொழிற்சாலையின் மூடல் ஒப்பந்தத்தை வரையும் மேசையருகே அமரக்கூடும். அவர் எந்தத் தரப்பின் வழக்கறிஞராக இருப்பினும், கையொப்பமிடுபவருக்கு விளங்கும் மொழியில் அதனை எழுத வேண்டும் என்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தம் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து படித்தவருக்கு அது முன்னரே தெரியும். முதல் விண்ணப்பக் கடிதத்தை எழுத உட்காரும் முன், அந்தத் தாள்களை ஒருமுறை முழுவதும் படித்துவிடுவது நல்ல தொடக்கமாக அமையும்.