தொலைக்காட்சிக்கு ஓர் ஒலிப்பட்டை



நிலாக் காலத்து இரவுகளிற் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை வாவி நீருள் விட்டு, மறுநுனியைக் காதோடு சேர்த்துப் பிடித்து, மீன்பாட்டுக் கேட்பது மட்டக்களப்பு மக்களின் நெடுநாள் வழக்கம். 1848 ஆம் ஆண்டில் இங்கு வந்திருந்த எமர்சன் தெனன்ற் என்னும் பிரித்தானிய அதிகாரி இவ்வொலியைத் தாமே கேட்டுத் தமது நூலில் விரிவாக எழுதினார். பாடுவது மீனா, ஊரியா என்ற வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. அதனை அறிஞர்களுக்கு விட்டுவிடுவோம். தோணியின் மரத்திலே காதை வைத்தபோது ஒலி மிகப் பெருகிக் கேட்டது என்று அவர் எழுதிய குறிப்பு ஒன்றே இன்றைய பேச்சுக்கு எனக்கு வேண்டியது. ஒலிக்கு ஓர் உடல் வேண்டும். காரைதீவிற் பிறந்து யாழ் நூலை ஆக்கிய விபுலாநந்த அடிகளின் பெயரை அறிந்தவர்களுக்கு யாழின் பத்தரைப் பற்றியும் தெரிந்திருக்கும். நரம்பு எவ்வளவு நல்லதாயினும், பத்தர் இன்றேல் அதன் நாதம் அடுத்த திண்ணைக்கும் எட்டாது.

இப்பொழுது நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தொலைக்காட்சியைப் பாருங்கள். நம் நாட்டிலே தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979 இல் தொடங்கியது. ரூபவாஹினி 1982 இல் வந்தது. அக்காலப் பெட்டி உண்மையிலேயே பெட்டிதான். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. அதன் ஒலிபெருக்கி பெரும்பாலும் நம் முகத்தை நோக்கி அமைந்திருந்தது. அதன் பின்னே ஒலி உலாவ இடமும் இருந்தது. இன்றைய தட்டைத் தொலைக்காட்சியோ இரண்டு விரற்கடைத் தடிப்புடையது. முன்புறம் முழுவதையும் படமே எடுத்துக்கொண்டது. ஆகவே, தீப்பெட்டி அளவான இரண்டு ஒலிபெருக்கிகள் கீழ்விளிம்பில் நிலத்தை நோக்கியோ, முதுகிற் சுவரை நோக்கியோ ஒளிந்திருக்கின்றன. படம் வளர வளர ஒலி மெலிந்து போயிற்று.

இதனை நான் நூலிற் படித்து அறியவில்லை. என் தாயார் வழியாக அறிந்தேன். கல்லடியில் எங்கள் வீட்டில் அவருக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. இரவுச் செய்தியைத் தவறாமற் பார்ப்பவர், சென்ற ஆண்டில் ஒருநாள் எழுந்து பின்விறாந்தைக்குப் போய்விட்டார். அடுத்த நாளும் போனார். முதுமையில் உலக விவகாரங்களில் நாட்டம் குறைவது இயல்பு என்று நாங்களே ஒரு முடிவு கட்டிக்கொண்டோம். தங்கை மட்டும் சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தாள். அப்பொழுது அவர் சொன்னது: “சத்தம் கேக்குது மனே, சொல்லுத்தான் விளங்குதில்ல.”

அதே அம்மா காலையில் வானொலிச் செய்தியைக் கேட்டு, யார் என்ன சொன்னார் என்பதை எனக்கே எடுத்துச் சொல்வார். அப்படியானால் குற்றம் முழுவதையும் காதின்மேற் சுமத்த முடியாதல்லவா? காதை வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும். காதுக்குடும்பி அடைத்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும். காட்டினோம். முதுமைக்கு உரிய குறைபாடு சிறிது உண்டு என்றார்கள். ஆனால் வானொலி விளங்கித் தொலைக்காட்சி விளங்காமற் போவதற்கு அது மட்டும் காரணமாகாது.

காரணம் இதுதான். நம் பேச்சில் உயிரொலிகள் சத்தத்தைத் தருகின்றன. சொல்லுக்குச் சொல் வேறுபாட்டை மெய்யொலிகள் தருகின்றன. பாக்கு, பாட்டு, பாத்து என்ற மூன்றையும் சொல்லிப் பாருங்கள். நடுவில் எழும் ஒரு சிறு வெடிப்பொலிதான் மூன்றையும் பிரிக்கிறது. அவ்வெடிப்பொலியின் அடையாளம் பெரும்பாலும் செக்கனுக்கு ஆயிரக்கணக்கில் அதிரும் மேலொலிகளில் இருக்கிறது. தாழொலி தடையை வளைத்துக்கொண்டு வரும். மேலொலியோ ஏறக்குறைய நேர்கோட்டிற் போவது. ஒலிபெருக்கி சுவரைப் பார்த்து நின்றால், மேலொலி சுவரில் மோதிச் சிதறிப் பாதியாய் வந்து சேரும். முதுமையில் முதலில் மங்குவதும் அந்த மேலொலி கேட்கும் ஆற்றலே. அங்கே பாதி, இங்கே பாதி போனால் சொல்லுக்கு என்ன மிஞ்சும்? சத்தத்தைக் கூட்டினால் உயிரொலிதான் கூடும். அம்மா சொன்ன ஒற்றை வாக்கியத்தில் இவ்வளவும் அடங்கியிருந்தது.

இதற்குப் பரிகாரமாகக் கடைகளில் விற்கப்படுவதுதான் ‘சவுண்ட் பார்’. நாம் ஒலிப்பட்டை என்போம். தொலைக்காட்சிக்குக் கீழே கிடத்தி வைக்கும் நீண்ட மெல்லிய பெட்டி. அதன் ஒலிபெருக்கிகள் நம்மை நோக்கியிருக்கும். முன்னோக்கி இருப்பதே அதன் முதல் நன்மை. மற்றவை எல்லாம் பிற்பாடு.

ஆயினும், நான் முதலில் வாங்கியது பிழையான பொருள். கடையின் பெயர் இங்கு வேண்டாம். ஒலிப்பட்டையோடு கதிரை உயரத்துக்கு ஒரு கறுத்தப் பெட்டியும் சேர்ந்து வந்தது. அதனை வூஃபர் என்பர். அட்டைப்பெட்டியில் 600 வாட் என்று அச்சிட்டிருந்தது. வீட்டில் பூட்டிய அன்று மருமகன் ஒரு சண்டைப் படத்தைப் போட்டான். அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அம்மா செய்தி கேட்க வந்து அமர்ந்தபோது, வாசிப்பவரின் குரல் பானைக்குள் இருந்து வருவதுபோல் இருந்தது. தாழொலி பெருகி மெய்யொலியை மூடிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் பின்விறாந்தைக்குப் போனார். அந்தத் தொகுதி இப்பொழுது மருமகனின் விளையாட்டுக் கழகத்தில் இருக்கிறது. கிரிக்கெட் ஆட்டத்துக்கு அது மிகப் பொருத்தம்.

வாட் கணக்கைப் பற்றி ஒரு சொல். 100 வாட்டிலும் 200 வாட் இரு மடங்கு சத்தம் தரும் என்று நாம் நினைக்கிறோம். அவ்வாறன்று. ஆற்றல் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபல் கூடும்; செவி அதனைச் சற்றுக் கூடுதல் என்றே உணரும். இரு மடங்குச் சத்தமாக உணர ஆற்றல் ஏறக்குறையப் பத்து மடங்காக வேண்டும். அத்தோடு, பெட்டியில் அச்சிடும் எண் பலவேளைகளிற் கணப்பொழுது மட்டும் தாங்கக்கூடிய உச்ச அளவு. தொடர்ந்து தரும் அளவு அதனிலும் மிகக் குறைவு. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி அறையில் செய்தியும் நாடகமும் கேட்க 30, 40 வாட் உண்மையாகக் கிடைத்தாலே தாராளம்.

இன்னுமோர் எண் அட்டைப்பெட்டியில் இருக்கும்: 2.0, 2.1, 3.1 என்பன போல. முதலெண் எத்தனை ஒலி வழிகள் என்பதைக் குறிக்கும்; புள்ளிக்குப் பின்னுள்ளது தாழொலிப் பெட்டி உண்டா இல்லையா என்பதைச் சொல்லும். மூன்று என்றிருந்தால் நடுவில் பேச்சுக்கென ஒரு தனி வழி உண்டு என்று பொருள். படத்திற் பேசுவோர் குரல் பெரும்பாலும் அந்நடுவழியால் வருவது. முதியோர் உள்ள வீட்டுக்கு அதுவே பயனுடையது. சிறிய 2.0 பட்டைகளிலும் குரலைத் தெளிவாக்கும் பொத்தான் ஒன்று ரிமோட்டில் இருப்பதுண்டு. அது தாழொலியை அடக்கி மெய்யொலியை உயர்த்தும். நான் இரண்டாவது முறை தேடியது அப்பொத்தானைத்தான்.

சில பெட்டிகளில் மூன்றாவது எண்ணும் வரும். கூரையை நோக்கி ஒலியை எறிந்து, அது மேலிருந்து நம்மீது விழுவதாகக் காட்டும் வித்தை அது. தட்டையான கொங்கிறீற்றுத் தட்டு உள்ள வீட்டில் ஓரளவு பலிக்கும். நம்மூரில் மேல்மூடி இல்லாத ஓட்டு வீடுகளில், சாய்ந்த கூரையும் சிலாகையும் கைமரமும் அந்த ஒலியை எங்கெங்கோ சிதறடிக்கும். அந்த எண்ணுக்குக் கொடுக்கும் பணம் ஓட்டுக்கே போய்ச் சேரும்.

சிறிய பட்டை எல்லாவற்றையும் தரும் என்று நான் சொல்லமாட்டேன். முழநீளப் பெட்டியிலிருந்து செக்கனுக்கு 100 அதிர்வுக்குக் கீழான ஒலி போதிய அளவு எழாது. பத்தர் சிறிதாயின் நாதமும் சிறிதே. வடமோடிக் கூத்தின் ஒளிப்பதிவு ஒன்றைப் போட்டால், அண்ணாவியாரின் பாட்டும் சலங்கையும் துலக்கமாக வரும். மத்தளத்தின் இடந்தலை ஒலி மட்டும் பாயிற் தட்டியது போலிருக்கும். கூத்தும் நாதசுவரமும் தவிலுமே உங்கள் வீட்டில் நாளாந்தம் என்றால், அளவான வூஃபர் ஒன்று சேர்ந்த தொகுதியை வாங்குங்கள். அதனை மூலையில் வைக்காதீர்கள். இரண்டு சுவரும் நிலமும் சேரும் மூலை தாழொலியைத் தானே பெருக்கிவிடும். எங்கள் வீட்டில் முதற் பெட்டி கெடுத்ததில் அந்த மூலைக்கும் பங்குண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன்.

வாங்கப் போகுமுன் தொலைக்காட்சியின் முதுகைப் பார்த்துக்கொண்டு போங்கள். எச்.டி.எம்.ஐ. என்னும் தட்டையான துளைகளில் ஒன்றின் அருகே ஏ.ஆர்.சி. என்ற மூன்றெழுத்து இருந்தால் நல்லது. 2009 இல் வந்த ஏற்பாடு அது. ஒரே வடத்தால் ஒலி பட்டைக்குப் போகும், தொலைக்காட்சி ரிமோட்டாலேயே சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். முதியவர் கையில் இரண்டு ரிமோட்டுகளைக் கொடுப்பது துன்பம். அத்துளை இல்லையேல், ஒளிநார் வடத்துக்குரிய சிறு சதுரத்துளை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய தொலைக்காட்சியாயின் காதொலிக் கருவிக்கான வட்டத்துளையே போதும். வாங்கப்போகும் பட்டையிலும் அதே துளை இருக்கவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதைப் பார்க்காமல் வாங்கி, மறுநாள் கடைக்குத் திரும்பியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

புளூடூத் வழியாக வடமின்றியே இணைக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். பாட்டுக் கேட்க அது போதும். படத்துக்கு அவ்வளவு நன்றன்று. வாவியின் அக்கரையில் ஒருவர் துணியைக் கல்லில் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணி விழுந்தது முதலிலும் ஒலி பின்னரும் வரும். ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் தூரமே செல்வதால் வரும் வேறுபாடு அது. புளூடூத்தில் ஐந்திலொரு செக்கன் பிந்துவது அரிதன்று. அது 70 மீற்றருக்கு அப்பால் நின்று பேசுபவரைக் கேட்பதற்கு ஒப்பாகும். காது மங்கியவர்கள் தம்மை அறியாமலே வாயசைவைப் பார்த்துச் சொல்லைப் பிடிக்கிறார்கள். உதடு ஒன்றும் ஒலி ஒன்றுமாகப் போனால் அவர்களுக்கு இருந்த ஊன்றுகோலும் போயிற்று.

கடையிற் சோதிப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். அவர்கள் போடும் படத்தைக் கேட்காதீர்கள். அது வெடியும் முழக்கமுமாகத் தெரிந்தெடுத்து வைத்தது. தமிழ்ச் செய்தி வாசிப்பு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். சத்தத்தை நன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள். திரைக்கு முதுகைக் காட்டி நின்று, வாசிக்கப்படும் ஊர்ப் பெயர்களையும் எண்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். அறுபது என்றாரா எழுபது என்றாரா என்று தடுமாறினால் அப்பட்டை வேண்டாம். இயலுமாயின், யாருக்காக வாங்குகிறீர்களோ அவரையே அழைத்துச் செல்லுங்கள். நான் அம்மாவை முச்சக்கர வண்டியிற் கூட்டிச் சென்றேன். நான்கு பட்டைகளைக் கேட்டார். விலை கூடிய இரண்டையும் விட்டு, முழத்தைவிடச் சற்றே நீண்ட ஒன்றைக் காட்டினார். கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

வீட்டில் அதை அலுமாரித் தட்டின் உள்ளே தள்ளி வைக்கவேண்டாம். தட்டின் முன்விளிம்போடு இருக்கட்டும். சீமெந்து நிலமும் வெறுஞ் சுவரும் எதிரொலியைப் பெருக்கும். சன்னலுக்குத் தடித்த திரைச்சீலை ஒன்றும் நிலத்திற் பெரிய பன்பாய் ஒன்றும் போட்டோம். பட்டையில் ஒன்றும் மாற்றாமலே சொல் இன்னும் தெளிந்தது. தகரக் கூரையின்மேல் மாரிமழை அடிக்கும்போது எந்தக் கருவியாலும் பயனில்லை. அப்பொழுது செய்தியை நான்தான் பக்கத்தில் இருந்து சொல்லவேண்டியிருக்கிறது.

அம்மா இப்பொழுது இரவுச் செய்திக்கு வருகிறார். முன்னிருந்த அளவிற் பாதிச் சத்தமே வைக்கிறோம். பேசுகிறவர்களை இடைமறித்துக் கருத்துச் சொல்லவும் தொடங்கிவிட்டார்.

கடைசியாக ஒன்று. வாவிக் காற்றில் உப்பு உண்டு; பட்டையின் துளைகள் வெளிறிப் பச்சை பிடிக்காமல் மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்து, வடத்தை ஒருதரம் கழற்றி மாட்டுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை வேளையில் இடி தொடங்கும்போது, தொலைக்காட்சியின் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டுப் பட்டையினதை விட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒரு வடத்தால் இணைந்தவை. ஒன்றில் இறங்கிய மின்னல் மற்றதையும் கொண்டுபோகும். இரண்டு பிளக்கையும், அன்ரனா வடத்தையும் சேர்த்தே கழற்றி வையுங்கள்.