சயாமுக்குப் போன சித்தப்பா
(அறவாரியத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மகாளய அமாவாசை அன்னதானத்தை எங்கள் குடும்பம் ஆண்டுதோறும் ஏற்று நடத்துவதை நீங்கள் அறிவீர்கள். அது யாருடைய நினைவாக என்று பலர் கேட்டதுண்டு. என் தந்தையாரின் தம்பி, என் சித்தப்பா நினைவாகத்தான். 19 வயதில் சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை. நான் அவரைக் கண்டதில்லை. வீட்டில் அவருடைய படமும் இல்லை. பாட்டியும் அப்பாவும் தோட்டத்துப் பெரியவர்களும் சொன்னவையே எனக்குத் தெரிந்தவை.

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் அவர் பால் வெட்டினார். திருவிழாக் காலத்தில் உறுமி அடிப்பாராம். தைப்பூசத்திற்கு ஈப்போ கல்லுமலைக்கு நடந்தே போய்விடுவாராம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் பேராக்கினுள் நுழைந்தனர். ரப்பர் வாங்க ஆளில்லை, தோட்டத்தில் வேலையில்லை, அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. 1943-இல் சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சில மாதத்தில் திரும்பலாம் என்றார்கள். நம்பிப் போனவர்களும் உண்டு. பிடித்துக் கொண்டு போகப்பட்டவர்களும் உண்டு.

எங்கள் லயத்திற்கு அவர்கள் தேடி வந்தது என் தந்தையாரை. "அண்ணி மாசமா இருக்காங்க. அண்ணன் இருக்கட்டும், நான் போறேன்" என்று சித்தப்பா முன்னே வந்தாராம். கூட்ஸ் வண்டியில் ஏற்றிப் போனார்கள்.

415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. காடும் மலையும் மழையும் பசியும் போதாதென்று, 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியது. ஆற்று நீரைக் காய்ச்சாமல் குடித்தவர்கள் கொத்துக் கொத்தாக மாண்டனர். போர்க்கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. தமிழர்களும் பர்மியரும் மலாய்க்காரரும் சீனரும் அதில் அடங்குவர்.

கைதிகளுக்குச் சொந்த அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். இறந்தவர் பெயரை மறைத்தாவது எழுதி வைத்தார்கள். இன்று காஞ்சனபுரியில் அவர்களுடைய கல்லறைகள் ஏறக்குறைய 7,000 வரிசையாக நிற்கின்றன. நம்மவர்களுக்கு எழுதி வைக்க ஆளில்லை. மதிப்பீடு உண்டு, பெயர்ப் பட்டியல் இல்லை.

போர் முடிந்தபின் திரும்பி வந்த ஒரு தோட்டத்துக்காரர், சித்தப்பா வாந்திபேதியில் போய்விட்டார் என்று அப்பாவிடம் மட்டும் சொன்னார். தேதி அவருக்கும் நினைவில்லை. பாட்டியிடம் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. பாட்டி இருபது ஆண்டுகள் காத்திருந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு வேட்டி எடுத்து வைப்பார். "இருக்கிற பிள்ளைக்கு யாராவது திதி கொடுப்பாங்களா?" என்பார். அவர் கண்மூடிய பிறகே அப்பா குருக்களிடம் போனார். திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை உண்டு, பிள்ளை இல்லாதவருக்கு உடன்பிறந்தார் வழியினர் செய்யலாம் என்று குருக்கள் வழி காட்டினார். பெட்டியில் இருந்த வேட்டிகளை அப்பா அன்று கோயிலில் தானமாகக் கொடுத்தார். அப்பாவுக்குப் பின் நான் செய்து வருகிறேன். அன்று சித்தப்பா முன்னே வராதிருந்தால் இந்த மேடையில் நிற்க நான் பிறந்திருப்பேனா என்று ஒவ்வோர் ஆண்டும் நினைத்துக் கொள்கிறேன்.

அன்பர்களே! தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன. கதை சொன்ன பெரியவர்களும் போய்விட்டார்கள். 2023-இல் காஞ்சனபுரியில் நம் தொழிலாளர் நினைவாக நடுகல் நாட்டப்பட்டது மனத்திற்கு ஆறுதல். ஆனால் அங்கே மாண்டவர்களின் பெயர் நம் வீடுகளில்தான் இருக்கிறது. உங்கள் குடும்பத்திலும் சயாமுக்குப் போன பெரியப்பா, மாமா, அத்தை இருந்திருக்கலாம். பெயர், தோட்டம், தெரிந்தால் வயது, இவற்றை எழுதி அலுவலகத்தில் கொடுங்கள். மகாளய அமாவாசையன்று அந்தப் பெயர்களையும் சொல்லி அர்ச்சனை செய்து, பசித்தவர்களுக்குச் சோறிட அறங்காவலர்கள் இசைந்துள்ளார்கள். பசியோடு மாண்டவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான நினைவு எனக்குத் தோன்றவில்லை.