வீட்டறையில் ஓர் இசைக்கூடம்



மின்னி பே குடியிருப்பில் நம் வீட்டு இளைஞர் ஒருவர் சொந்தமாகப் பாட்டமைத்து இசைத்தொகுப்பு வெளியிட விரும்பினால், "சென்னைக்குக் கப்பல் ஏறு" என்று சொல்லிவிடுகிறோம். கப்பல் ஏறத்தாழ மூன்று நாள் ஓடும். ஒலிப்பதிவுக் கூடத்தின் வாடகையோ மணிக்கு மணி ஏறும். ஆசை நடுக்கடலிலேயே கரைந்துவிடுகிறது.

அந்தச் சென்னையிலேயே நடந்தது என்ன? கோடம்பாக்கத்தில் திரு. ஏ. ஆர். ரகுமான் தம் வீட்டுக் கொல்லையில் 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' என்னும் கூடத்தை அமைத்தார். 1992-இல் வெளிவந்த 'ரோஜா' படத்தின் இசை அங்கே உருவாயிற்று. தேசிய விருதும் அவரைத் தேடி வந்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனோ தம் படுக்கையறையில், நான்கே தடங்கள் கொண்ட காசெட் கருவியில் மாதிரிக்கெனப் பாடிவைத்தார். பின்னர்க் குழுவினரோடு இசைத்துப் பார்த்தும் மனம் நிறையாமல், அந்தப் பதிவையே 1982-இல் 'நெப்ராஸ்கா' என வெளியிட்டார்.

இன்று கணினியும் நல்லதோர் ஒலிவாங்கியும் இருந்தால் தொடங்கிவிடலாம். சுவரோரம் பஞ்சு மெத்தையைச் சாய்த்தால் எதிரொலி பெரிதும் அடங்கும். தகரக் கூரைமேல் மழை கொட்டும்போது மட்டும் பாட்டை நிறுத்தத்தான் வேண்டும். நம் தீவின் மழையை நாம் அறியோமா! பிப்ரவரி, மார்ச்சு மாதங்களே உகந்தவை.

இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறோம். நம் பாட்டிமார் கடல் கடந்து கொண்டுவந்த தாலாட்டும் ஒப்பாரியும் அவர்கள் குரலிலேயே முதல் தொகுப்பில் சேரட்டும். அவர்களுள் சிலர் எண்பதைக் கடந்துவிட்டனர். அறை வேண்டுமெனில், நம் சங்க நூலகம் இரவு எட்டு மணிக்குமேல் ஓசையின்றியே இருக்கிறது.