சூப்பர் கப்பிகள் நான்கு

மீன்தொட்டிகளில் நீந்தும் கப்பி மீனை நேயர்களுள் பலர் கண்டிருப்பர். அம்மீனின் பெயரையும் பருத்த வயிற்றையும் ஒருங்கே பெற்ற சரக்கு விமானம் ஒன்று உண்டு. சூப்பர் கப்பி என்பது அதன் பெயர்.

ஜெற் விமானங்கள் வந்தபின், போயிங் கம்பனியின் ஸ்ராற்றோகுரூசர் என்னும் பழைய பிரயாணி விமானங்கள் மலிந்த விலைக்குக் கிடைத்தன. அவற்றை வெட்டி நீட்டி, மேலே பெருங்கூடு ஒன்றைக் கட்டினால், சந்திரனுக்குச் செல்லும் றொக்கெற்றின் பாகங்களை ஏற்றலாம் என்று எண்ணியவர் ஜாக் கொன்றோய் என்னும் அமெரிக்கர். அவருடைய முதற் கப்பி 1962இல் பறந்தது.

அதன் வழிவந்து, 1970 முதற் பறந்த புதிய வகைச் சூப்பர் கப்பிகள் நான்கே நான்குதான். சரக்கறையின் குறுக்களவு 25 அடி. விமானியின் அறையோடு மூக்கு முழுவதும் கதவுபோல் ஒருபக்கமாகத் திரும்பித் திறக்கும். எயார்பஸ் ஸ்தாபனம் பல நாடுகளிற் செய்த விமான உறுப்புக்களை பிரான்சிலுள்ள துலூஸ் நகரிற் சேர்க்க இவற்றையே நம்பியிருந்தது. போயிங்கின் பழைய உடம்பிலே அதன் போட்டியாளன் சவாரி செய்து வளர்ந்தது ஒரு வேடிக்கைதான்! பெலூகா என்னும் புதிய சரக்கு விமானம் வந்ததும், 1997இல் எயார்பஸ் தன் கப்பிகளுக்கு முற்றாக ஓய்வளித்தது.

துலூசில் நின்றதை ஆர்வலர் சங்கம் ஒன்று பேணிற்று. 2015இல் அங்கே திறக்கப்பட்ட விமான நூதனசாலையில் அதற்கு இடமும் கிடைத்தது. இன்னொன்று ஜேர்மனியில், ஹம்பேர்க் தொழிற்சாலையில் வைக்கப்பட்டது. மூன்றாவதோ இங்கிலாந்தில், லெஸ்ரர்ஷயரிலுள்ள புறன்ரிங்தோர்ப் விமானத்தளத்தைச் சேர்ந்தது. பழைய போர்விமானங்களின் இயந்திரங்களை முடுக்கி மக்களுக்குக் காட்டிவந்த தளம் அது. மழையிலும் பனியிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அது அங்கே நின்றது.

மழையும் பனியும் அதனைக் கொல்லவில்லை. 2020இல் அந்நிலம் மோட்டார் வாகனங்களை நிறுத்தி வைக்கும் தொழிலுக்குப் போயிற்று. விமானங்கள் இடம் பெயர வேண்டியதாயிற்று. சிறிய போர்விமானமாயின் கழற்றிப் பாரவண்டியில் ஏற்றலாம். 156 அடி இறக்கையும் இரண்டு மாடி வீட்டளவு உடலும் கொண்டதை எந்தத் தெருவழியே கொண்டுபோவது? பறக்கும் தகுதியோ எப்போதோ போய்விட்டது. நூதனசாலைகள் பல இத்தகையவற்றை ஏற்கத் தயங்குவதும் இதனாலேயே. ஈற்றில், உலகில் நான்கே இருந்தவற்றுள் ஒன்று அந்த ஆண்டிலேயே வெட்டிச் சிதைக்கப்பட்டது.

நான்காவது கப்பியை 1997இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் பெற்றிருந்தது. அதே 2020இன் மார்ச் மாதத்தில், ஒஹாயோ மாநிலத்திற் சோதனை முடிந்த ஓரியன் என்னும் விண்கலத்தை அது தன் வயிற்றில் ஏற்றி புளோரிடாவில் இறக்கியது. 2022 நவம்பரில் அந்த விண்கலம் சந்திரனைச் சுற்றியது.