பட்டியல் நம்ம கையில் இருக்கட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கணினிப் பயிற்சி பெறும் உறுப்பினர்களிடையே பயிற்றுநர் ஆற்றிய உரை)



இணையப் பக்கத்தில் பட்டியல் போடுவது எப்படின்னு பேசச் சொல்லியிருக்காங்க. "பட்டியல் போடறதுக்கு ஒரு பேச்சா?"ன்னு சிலர் நினைக்கலாம். ஆனா நம்ம குழுவே பட்டியல்லதான் நிக்குது. வருகைப் பதிவேடு ஒரு பட்டியல். சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, தீர்மானப் புத்தகம் எல்லாமே பட்டியல்தான். தமிழ்நாட்டில் 1989ல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கின காலத்தை மூத்தவங்களைக் கேட்டுப் பாருங்க. பல குழுவுல கணக்கு எழுத ஆள் கிடையாது. பள்ளிக்கூடம் போற பிள்ளையோ வெளியாளோ எழுதிக் கொடுப்பாங்க, நம்ம பொம்பளைங்க கைநாட்டு வைப்பாங்க. அப்புறம் நாமளே எழுதப் படிச்சோம். நோட்டு நம்ம கைக்கு வந்த பிறகுதான் குழுவும் நம்ம கைக்கு வந்துச்சு.

இப்போ நோட்டோட சேர்த்து இணையப் பக்கமும் வந்திருக்கு. அதுல எழுதறது யாரு? போன வருஷம் நடந்தது உங்களுக்குத் தெரியும். கடலை எண்ணெய் விலை ஏறிடுச்சு, நம்ம பக்கத்துல பழைய விலையே நின்னுது. பக்கத்தைச் செஞ்சு கொடுத்தவர் விலைப் பட்டியலை ஒரு படமா ஒட்டியிருந்தார். படத்துக்குள்ள இருக்கிற ஒரு எண்ணை மட்டும் அழிச்சு எழுத முடியாது. முழுப் படத்தையும் புதுசா செஞ்சு ஏத்தணும். அவரோ போனை எடுக்கலை. பழைய விலையைப் பார்த்து ஆர்டர் கொடுத்தவங்களுக்குப் பழைய விலைக்கே கொடுத்தோம். நஷ்டம் யாருக்கு? செக்குல நின்ன அக்காக்களுக்கு. அதையே எழுத்தா, பட்டியலா போட்டிருந்தா ரெண்டு நிமிஷ வேலை.

அந்த ரெண்டு நிமிஷ வேலையைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன்.

இணையப் பக்கத்தை எழுதற முறைக்குப் பேரு எச்.டி.எம்.எல். சுவிட்சர்லாந்தில் இருக்கிற செர்ன் ஆய்வகத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ் லீ இதை உருவாக்கினார். 1991ல் அவர் வெளியிட்ட குறிப்புல சுமார் 20 குறிச்சொற்கள்தான் இருந்துச்சு. அதுக்குள்ளேயே பட்டியலுக்கான குறிச்சொற்களும் இருந்துச்சு. உலகத்தோட முதல் இணையப் பக்கமே பெரும்பாலும் ஒரு பட்டியல்தான்: ஒரு தலைப்பு, அதுக்குக் கீழ ஒரு வரி விளக்கம், அடுத்த தலைப்பு, அதுக்கு விளக்கம். அதனால பட்டியல் போடத் தெரிஞ்சா இணையப் பக்கத்தோட அஸ்திவாரத்தையே தெரிஞ்சுகிட்டோம்னு அர்த்தம்.

இதுக்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். கணினியில இருக்கிற நோட்பேட் போதும். எழுதி, கோப்புப் பேருக்குக் கடைசியில ஒரு புள்ளி வச்சு எச்.டி.எம்.எல்.னு சேர்த்துச் சேமிக்கணும். சேமிக்கும்போது யு.டி.எஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்க, இல்லேன்னா தமிழ் எழுத்து கட்டம் கட்டமாவோ கோணல் மாணலாவோ வரலாம். பழகிப் பார்க்க நெட் கூட வேண்டியதில்லை. அந்தக் கோப்பை ரெண்டு தடவை தட்டினா பிரவுசர்ல திறக்கும்.

குறிச்சொல்லுன்னா என்ன? கோண அடைப்புக்குறிக்குள்ள எழுதற ஒண்ணு ரெண்டு ஆங்கில எழுத்து. தொடங்கற இடத்துல ஒரு தடவை எழுதணும். முடியற இடத்துல, அதே எழுத்துக்கு முன்னாடி ஒரு சாய்கோடு போட்டு இன்னொரு தடவை எழுதணும். திறக்கறது, மூடறது, அவ்வளவுதான்.

பலர் செய்யறது என்னன்னா, ஒவ்வொரு பொருளையும் எழுதி எண்டர் தட்டி எண்டர் தட்டி கீழே கீழே போவாங்க. நோட்பேட்ல அழகா இருக்கும். பிரவுசர்ல பார்த்தா ஊறுகாய், அப்பளம், கடலை மிட்டாய் எல்லாம் ஒரே வரியில ஒட்டிகிட்டு நிக்கும். நாம தட்டின எண்டரை பிரவுசர் ஒரு இடைவெளியா மட்டும்தான் எடுத்துக்கும். "இது பட்டியல்"னு அதுகிட்ட வாயைத் திறந்து சொல்லணும். சொல்றதுக்கு மூணு வகை இருக்கு.

முதல் வகை, புள்ளிப் பட்டியல். இதுக்குக் குறிச்சொல் யு.எல். இதை டிபன் கேரியர் மாதிரி நினைச்சுக்குங்க. யு.எல். என்பது கேரியரோட சட்டம். உள்ள இருக்கிற ஒவ்வொரு அடுக்கும் எல்.ஐ. இப்படி எழுதணும்:

யு.எல். திறப்பு
எல்.ஐ. திறப்பு, கடலை மிட்டாய், எல்.ஐ. மூடல்
எல்.ஐ. திறப்பு, மாங்காய் ஊறுகாய், எல்.ஐ. மூடல்
எல்.ஐ. திறப்பு, உளுந்து அப்பளம், எல்.ஐ. மூடல்
யு.எல். மூடல்

பிரவுசர் ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு கரும்புள்ளி வச்சு, வரிவரியா காட்டும். சாப்பாட்டை அடுக்குக்குள்ள வைக்காம சட்டத்துல தொங்கவிட மாட்டோம் இல்லையா, அதுபோல யு.எல்.லுக்குள்ள நேரடியா எதையும் எழுதக் கூடாது. எல்லாம் எல்.ஐ.க்குள்ளதான் இருக்கணும்.

இரண்டாவது, எண் பட்டியல். குறிச்சொல் ஓ.எல். உள்ளே அதே எல்.ஐ.தான். 1, 2, 3ன்னு நாம எழுதவே வேண்டாம், பிரவுசரே போட்டுக்கும். நடுவுல ஒரு வரியைச் சேர்த்தாலும் எடுத்தாலும் எண் தானா மாறிடும். நோட்டுல அடிச்சு அடிச்சு வரிசை எண் திருத்தின கைகளுக்கு இதோட அருமை புரியும். எண் 1ல்தான் தொடங்கணும்னு கட்டாயம் இல்லை. ஸ்டார்ட் என்ற சொல்லைத் திறக்கிற குறிச்சொல்லுக்குள்ள சேர்த்து, 6ல் தொடங்குன்னு சொன்னா 6ல் தொடங்கும். பட்டியலோட அலங்காரத்தைத் தீர்மானிக்கிற சி.எஸ்.எஸ்.ல தமிழ் எண்களுக்கும் இடம் இருக்கு. கேட்டா ௧, ௨, ௩ன்னு கூடப் போட்டுக் கொடுக்கும்.

புள்ளியா, எண்ணா? இங்கதான் கவனம் வேணும். அழகுக்காக எண் போடக் கூடாது, சோம்பல்பட்டுப் புள்ளியும் போடக் கூடாது. ஒரே கேள்வி கேளுங்க: "இதை மேலே கீழே மாத்திப் போட்டா வேலை கெடுமா?" ஊறுகாயை அப்பளத்துக்குக் கீழே போட்டா ஒண்ணும் கெடாது, அது புள்ளி. கடன் வாங்கற வழிமுறையை எடுத்துக்குங்க:

1. குழுக் கூட்டத்தில் பேசித் தீர்மானம் எழுதுவது
2. ஆவணங்களுடன் விண்ணப்பம் கொடுப்பது
3. வங்கியின் தர மதிப்பீடு
4. கடன் பத்திரத்தில் கையெழுத்து
5. குழுவின் கணக்கில் தொகை வரவு

இதைப் புள்ளி வச்சு முன்னபின்ன எழுதினா, புதுசா குழுவுக்கு வந்த பொண்ணு தீர்மானம் எழுதாமலே வங்கிக்குப் போய் நிப்பா. ஒருநாள் கூலியும் பஸ் காசும் போச்சு. ஆனா எடுத்துட்டுப் போக வேண்டிய ஆதார், பாஸ்புக், போட்டோ ஆகிய மூணுக்கும் எண் தேவையில்லை. எது முதல்ல பையில விழுந்தாலும் சரிதான்.

இங்கே ஒரு பட்டியலுக்குள்ள இன்னொரு பட்டியல் வருது பாருங்க. விண்ணப்பம் என்ற 2வது படிக்குள்ள அந்த ஆவணப் பட்டியலை வைக்கணும். கேரியரோட ஒரு அடுக்குக்குள்ள சின்னச் சின்னக் கிண்ணம் வைப்போமே, அதேதான். 2வது எல்.ஐ.யை மூடறதுக்கு முன்னாடி ஒரு யு.எல். திறந்து, ஆவணங்களை எழுதி, அதை மூடிட்டு, அப்புறம் அந்த எல்.ஐ.யை மூடணும். எல்.ஐ.யை முதல்ல மூடிட்டா கிண்ணம் அடுக்குக்கு வெளியில போயிடும். உள்பட்டியல் கொஞ்சம் உள்ளே தள்ளி நிக்கும். புள்ளிக்குள்ள புள்ளி வச்சா, உள்ளே இருக்கிறது வழக்கமா வெறும் வட்டமா மாறும்.

மூன்றாவது, சொல்லும் விளக்கமும். பட்டியல் முழுக்க டி.எல். என்ற குறிச்சொல்லுக்குள்ள இருக்கும். சொல்லுக்கு டி.டி., அதன் விளக்கத்துக்கு டி.டி.ன்னு தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும். அதனால கீபோர்டை நினைச்சுக்குங்க. சொல்லுக்கு வர்ற குறியில "டெர்ம்"மோட டி, விளக்கத்துக்கு வர்ற குறியில "டேட்டா"வோட டி கடைசி எழுத்தா வரும். நம்ம பக்கத்துல இது ரொம்ப உதவும்:

உள்கடன்
    குழுவின் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குக் கொடுக்கும் கடன்.
சுழல் நிதி
    குழுவின் மூலதனத்தைப் பெருக்கக் கிடைக்கும் நிதி. குழுவுக்குள் கடனாகச் சுற்றி வரும்.

கூட்டத்துல கேட்கக் கூச்சப்பட்டு அர்த்தம் தெரியாமலே தலையாட்டற தங்கச்சிகள் இருக்காங்க. அவங்க வீட்டுல உட்கார்ந்து போன்ல படிச்சுக்குவாங்க. பொருளும் விலையும் ஜோடியா வர்றதால விலைப் பட்டியலையும் இப்படிப் போடலாம். எடை, விலை, கையிருப்புன்னு மூணு நாலு விவரம் வந்தா மட்டும் அட்டவணைக்குப் போயிடுங்க.

"கையால ஒரு கோடு, ஒரு புள்ளி வச்சு எழுதினா கண்ணுக்கு ஒரே மாதிரிதானே இருக்கும், குறிச்சொல் எதுக்கு?"ன்னு பயிற்சியில ஒரு அக்கா கேட்டாங்க. நல்ல கேள்வி. கண்ணுக்கு ஒண்ணுதான். கண் தெரியாதவங்களுக்கு அப்படி இல்லை. திரையில இருக்கிறதை வாசிச்சுச் சொல்ற மென்பொருள் இருக்கு. என்.வி.டி.ஏ. என்பது அதுல ஒண்ணு, இலவசம். பார்வையில்லாத ரெண்டு பேர் ஆஸ்திரேலியாவில் 2006ல் தொடங்கினது. சரியான குறிச்சொல் இருந்தா அது, "பட்டியல், 5 உருப்படிகள்"னு முதல்லயே சொல்லிடும். கேட்கிறவங்க எத்தனை இருக்குன்னு தெரிஞ்சுகிட்டு ஒவ்வொண்ணா போகலாம். வேண்டாம்னா தாண்டிப் போகலாம். விலையைப் படமா ஒட்டி, விளக்கமும் எழுதாம விட்டா "படம்"னு சொல்லிட்டுப் போயிடும். மாற்றுத்திறனாளி உறுப்பினர்கள் நம்ம குழுக்கள்லயும் இருக்காங்க. அவங்க படிக்க முடியாத பட்டியல் முழுப் பட்டியல் ஆகாது.

முடிக்கறதுக்கு முன்னாடி மூணு வேண்டுகோள். வரிசை முக்கியம் இல்லை, அதனால மனசுல புள்ளி வச்சுக்குங்க. அடுத்த மாதக் கூட்டத்துக்குள்ள ஒவ்வொரு குழுவும் தன் பொருட்களை ஒரு பட்டியலா எழுதிக் கொண்டு வாங்க. பட்டியலுக்குக் கீழே கடைசியா மாத்தின தேதியைத் தவறாம போடுங்க, பார்க்கறவங்களுக்கு நம்பிக்கை வரும். அப்புறம், குழுவுக்கு ரெண்டு பேராவது மாத்தத் தெரிஞ்சிருக்கணும். ஒருத்தி ஊருக்குப் போனா இன்னொருத்தி பார்த்துக்கணும். கடவுச்சொல் கூட்டமைப்போட பதிவேட்டுல பத்திரமா இருக்கணும், வெளியாள் கையில மட்டும் இருக்கக் கூடாது.

பேரேட்டை நாமளே எழுதக் கத்துக்கிட்ட நமக்கு இந்த நாலஞ்சு குறிச்சொல் பெரிசா? எண்ணெய் விலை இனியும் ஏறும், இறங்கும். அன்னிக்குச் சாயங்காலமே நம்ம பக்கத்துல நம்ம கையாலயே மாத்துவோம்.