மனுவை நாமே எழுதலாம்

மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் வாய்க்கால் தூர்வார மனு கொடுக்கணும். எழுதித் தர ஆள் தேடி அலைகிறோம். அவர் சர்வே எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் மனு வேறு இடத்தைக் காட்டும், மறுபடி அலைச்சல்தான்.

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் நாமே அடிக்கலாமே! 'லிப்ரே ஆபீஸ் ரைட்டர்' என்ற மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது. எழுத்து யூனிகோடாக இருக்கட்டும். பழைய எழுத்துருவில் அடித்தால், அது இல்லாத கம்ப்யூட்டரில் ஒன்றும் புரியாது.

அனுப்புநர், பெறுநர், பொருள், விவரம், இடம், தேதி என்று வரிசையாக அடியுங்க. நாலு வரிக்கு ஒருதரம் கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு எஸ் விசையை அழுத்துங்க, அடித்தது பதிவாகிவிடும். கரண்ட் போனாலும் கவலையில்லை. கோப்புக்கு 'வாய்க்கால் மனு' என்று பெயரும் தேதியும் வையுங்க.

அச்செடுக்கும் முன்னே ஆவணத்தைப் பக்கத்தில் வைத்து சர்வே எண்ணைச் சரிபாருங்க. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிப் பத்திரப்படுத்துங்க.

வேலை நடக்கலையா? பழைய மனுவைத் திறந்து வேறு பெயரில் பதிந்து, தேதியை மாற்றி, 'பார்வை' என்ற இடத்தில் முந்தைய மனுவின் தேதியைக் குறிப்பிடுங்க. கையில் ஆதாரம் இருந்தால் கேட்கிற குரலுக்கும் பலம் உண்டு.